கூலி கேட்ட பெரியம்மா

காய்ச்சலில் கிடக்கும் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டே, "பேசின நாள் முடிஞ்சிருச்சு" என்று சொல்லி வாசலில் போய் நிற்கும் ஒரு பெண்ணை நல்லவள் என்று சொல்லலாமா? சிறுமியாக இருந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இப்போது என் வீட்டில் தவழத் தொடங்கிய ஒரு பிள்ளை இருக்கிறான். இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் சில வாரங்களாக அந்தப் பெண்ணை நினைக்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவளைச் சொல்லிவிடுகிறேன்.

கண்டிக்கு அப்பால் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் என் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தார். அங்கே ஓடைத் தண்ணீரில் சுற்றிக் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரத்தை ரோதை என்போம். அந்த ரோதையைக் கவனித்தவரின் மனைவி அவள். எங்களுக்கு உறவில்லை. தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிட்டோம். "அவர்" என்று எழுதுவதுதான் மரியாதை என்று தெரியும். இரண்டு முறை அப்படி எழுதிப் பார்த்தேன். யாரோ வேறு ஒருத்தி வந்து நின்றாள். ஆகையால் அவள் அவளாகவே இருக்கட்டும்.

யாராவது ஒரு உதவி கேட்டால் பெரியம்மா உடனே பதில் சொல்ல மாட்டாள். தன் கைகள் இரண்டையும் விரித்து, புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். பழக்கறை ஏறிய, காய்த்துப்போன கைகள். பிறகு கேட்பாள்:

"சரி, இதுக்கு நான் எதை விடணும்?"

கேட்டவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். "கொஞ்சம் மாவு இடிச்சுத் தர்றதுக்கு எதை விடப் போறா இவ?" என்பார்கள். அவளோ சளைக்காமல் சொல்லுவாள்: "தூங்குறதை விடணும். இல்ல எம் பிள்ளைக்குப் பேன் பார்க்கிறதை விடணும். ஏதாவது ஒண்ணை விடாம எவளாலயும் இன்னொண்ணைச் செய்ய முடியாது. நீங்க கேக்குறது மாவு மட்டும் இல்ல. அதைச் சொல்லிட்டுக் கேளுங்க."

கேட்டுவிட்டு, பெரும்பாலும் இடித்தும் கொடுப்பாள். சும்மா கிடைத்தது என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பழக்காலம் வந்தால் மலையெல்லாம் சிவந்துவிடும். நாளுக்கு இவ்வளவு என்று தோட்டம் கேட்கும் பழத்தைக் கொண்டுவந்தால் ஒரு முழுப் பேர் விழும், அதாவது ஒரு நாள் கூலி. குறைந்தால் அரைப் பேர். அதற்கு மேல் பறித்தால் கைக்காசு. பால்குடிப் பிள்ளைக்காரிகள் எப்படி ஓடினாலும் அவர்களுக்கு அரைப் பேர்தான். ஒரு வருஷம் லயத்தில் இரண்டு இளம் தாய்மார் இருந்தார்கள். ஒருத்தியின் விரல் காப்பிக் கொப்பில் பட்டால் பழம் தானாக உதிர்வது போலிருக்கும். மற்றவள் மந்தம், ஆனால் பால் நிறைய. பெரியம்மா இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மந்தமானவள் லயத்தில் இருந்து இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கட்டும். கைகாரி இருவருக்குமாகப் பறிக்கட்டும். வருவதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளட்டும்.

மந்தமானவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "எம் பாலை வித்துட்டேன்னு பேசுவாங்களே பெரியம்மா!"

"சும்மா கொடுத்தா மட்டும் உனக்கு மாலை போடுவாங்களாக்கும்? சும்மா கொடுத்தவளை எவ ஞாபகம் வச்சிருக்கா?"

ஆட்களின் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கங்காணி வந்து குதித்தார். "அவ லயத்துல காலை நீட்டி உக்காந்திருப்பா, அவளுக்கும் காசா?"

"ரோதைக்குப் பழம் வருதா இல்லையா கங்காணி? எந்தக் கை பறிச்சதுன்னு பழத்துல எழுதியிருக்கா? மலைக்கு ஏறாம லயத்துல உக்கார்ந்தே காசு வாங்குறது தப்புன்னா, மொதல்ல நீங்க எந்திரிங்க."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பழக்காலத்தில் இரண்டு வீடுகளுக்கும் முழுப் பேர் அளவுக்குக் காசு வந்தது. பிள்ளைகள் இருவரும் குண்டாக வளர்ந்தார்கள்.

இவ்வளவும் கேட்டால் அவள் சொன்னதெல்லாம் சரியாக வந்தது என்று தோன்றும். அப்படி இல்லை. அவளால் கெட்டுப்போன காரியமும் உண்டு.

எங்கள் லயத்துக்கு ஒரே ஒரு பீலி. மலையூற்றை மூங்கில் வழியாகக் கொண்டுவந்து விழவிட்ட இடம். காலையில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது சண்டை மூளும். கெட்ட பேச்சு, மண்ணை வாரி இறைத்தல், பிறகு இரண்டு பக்கமும் நாளெல்லாம் முறைப்பு. பெரியம்மா ஒரு சட்டம் போட்டாள். யார் முதலில் வாய்விட்டுத் திட்டினாளோ, அவள் திட்டு வாங்கினவளுக்கு இரண்டு குடம் தண்ணீர் சுமந்துபோய் வைக்க வேண்டும். எல்லோரும் சரி என்றார்கள். கொஞ்ச நாள் பீலியடி கோயில் மாதிரி இருந்தது.

பிறகு ஒரு காலை, லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருந்தவள் இரண்டு குடத்தை நிறைத்துக்கொண்டு நேரே தன் பகையாளி வீட்டு வாசலுக்குப் போனாள். குடங்களைப் பத்திரமாக இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தண்ணி வச்சாச்சு. இப்ப வெளிய வாடி. ஆற அமர உன்னைத் திட்டணும்."

அன்று அவள் திட்டியது போல அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. வாங்கினவளும் அசரவில்லை. "இன்னும் ரெண்டு குடம் கொண்டா, மிச்சத்தையும் கேக்குறேன்" என்றாள். லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தாள். "வெலை கொறைச்சலாப் போட்டுட்டேன்டி" என்றாள். சட்டத்தை எடுத்துவிட்டாள்.

ஆனால் எடுத்த பிறகும் பழைய நிலை வரவில்லை. முன்பெல்லாம் திட்டினவளுக்குச் சாயங்காலம் கொஞ்சம் கூச்சம் இருக்கும். பிள்ளையிடம் ஒரு வெல்லக்கட்டி கொடுத்தனுப்புவாள். தண்ணீர் சுமந்து பழகிய பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது. தண்ணீரும் போனது, வெல்லமும் போனது, திட்டு மட்டும் மிஞ்சியது. என் அம்மா இதை விடாமல் சொல்லிக்காட்டுவாள். "மனுசாள் மனசுக்கெல்லாம் வெலை போட்டா இப்படித்தான் ஆகும்."

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் இப்போது கண்டியில், அம்பிட்டியப் பாதையில் ஒரு சிறிய வீட்டில் இருக்கிறோம். என் கணவர் காப்பி ஸ்டோர் ஒன்றில் எழுத்தர். இலைநோய் வந்த பிறகு ஸ்டோர் முற்றத்தில் காயப்போடக் காப்பி இல்லை. பாதிப்பேரை நிறுத்திவிட்டார்கள். இவரை நிறுத்தவில்லை, சம்பளத்தைக் குறைத்திருக்கிறார்கள். நான் படித்த மிஷன் பெண் பள்ளிக்கூடத்தை நடத்தும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா, சின்ன வகுப்புக்கு ஆசிரியையாக வருகிறாயா என்று கேட்டு அனுப்பினார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். பிள்ளையை யார் பார்ப்பது?

வீட்டில் என் நாத்தனார் இருக்கிறாள். என்னைவிட இளையவள். மாத்தளையில் வாழ்க்கைப்பட்டு, காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அவள் பார்த்துக்கொள்வாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அவளைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் முதலில் தோன்றவில்லை. பிறகு ஒரு நாள் அவள் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, தன் ஈரக் கைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவின் கேள்வி என் காதில் விழுந்தது. என் சம்பளத்தில் பாதியை அவள் கையில் கொடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அன்றிலிருந்து பீலியடியும் நினைவுக்கு வந்துகொண்டிருக்கிறது. இப்போது என் பிள்ளை அழுதால் யாரும் சொல்லாமலே ஓடிவருகிறாள். பாடுகிறாள். காசு கொடுத்தால் அந்தப் பாட்டு நின்றுவிடுமோ? பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு, "என் நேரம் முடிஞ்சிருச்சு அண்ணி" என்பாளோ?

அதனால்தான் அந்தக் காய்ச்சல் நாளை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன்.

என் தம்பி பிறந்த சமயம். நல்ல பழக்காலம். அம்மாவின் அம்மா அக்கரையில், இந்தியாவில், கப்பல் ஏறி வர முடியாத உடம்போடு இருந்தாள். மாத்தளையில் இருந்த அப்பாவின் உறவுக்காரி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அம்மா பெரியம்மாவுக்கு ஆள் அனுப்பினாள். அதுவரை "நீ, வா, போ" என்று பேசிவந்த அம்மா, அன்று "நீங்க" என்று ஆரம்பித்தாள்.

"நீங்க எனக்கு அக்கா மாதிரி. முப்பது நாள் கழியிற வரைக்கும் கூட இருந்தீங்கன்னா போதும்."

பெரியம்மா கைகளைப் பார்த்தாள். "அக்கான்னா சரி. எம் பிள்ளை பொறந்தப்ப எந்தத் தங்கச்சி வந்து எட்டிப் பார்த்தா?"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க. வந்து போயி இருந்தா சொந்தம். வராட்டிக் கூலி. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம்தான். இப்ப நான் மலைக்குப் போகாட்டி எம் பேர் போயிரும்."

அப்பா குறுக்கே வந்தார். "பேருதானே? நீ மலைக்குப் போனதா நான் போட்டுவிடுறேன்."

"அது தொரை காசுங்க. பிள்ளை பெத்தது தொரைசாணியா? உங்க பெட்டியிலேர்ந்து வரட்டும்."

அம்மா பெட்டியைத் திறந்து, பழைய சேலைகளில் இரண்டை எடுத்து வைத்தாள். பெரியம்மா அவற்றைத் தொடவில்லை. அடியில் இருந்த பச்சைச் சேலையைக் காட்டினாள். அம்மாவுக்கு மிகவும் பிடித்த சேலை அது.

"மனசு நோகாமக் கொடுக்கிறது பழசு கழிக்கிறதுங்க. அது கூலி இல்ல."

அம்மா கொடுத்தாள். கொடுக்கும்போது அழுதாள். இப்படி ஒருத்தியா என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் வந்து இறங்கிய பிறகு அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டது போல எந்தச் சொந்தக்காரி பார்த்திருப்பாள்? கொதிநீர் ஆவியில் வேது பிடித்தாள். பூண்டும் மிளகும் அரைத்து, முகம் சுளித்தாலும் விடாமல் ஊட்டினாள். தம்பியை விடியும்வரை தோளில் போட்டு நடந்தாள். அம்மா எனக்கு எண்ணெய் வைக்க மறந்த நாளில் அவள் மறக்கவில்லை.

முப்பதும் கழிந்தது. அன்று பார்த்து அம்மாவுக்கு மறுபடி காய்ச்சல் கொதித்தது. பெரியம்மா அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பச்சைச் சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்தாள். வாசலுக்குப் போனாள்.

"பேசின நாள் முடிஞ்சிருச்சுங்க."

"இந்த நெலைமையில விட்டுட்டுப் போவியா?" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

"எங்க போனேன்? நிக்கிறேன்ல. புதுசாப் பேசுங்க."

அவள் போகவில்லை. உள்ளேயும் வரவில்லை. அம்மா முனகிக்கொண்டு கிடந்தாள். தம்பி அழுதான். நான் ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தேன். அப்பா முகம் சிவந்து, "அரிசி தர்றேன், ரெண்டு மரக்கால், இன்னும் வேணும்னா..." என்று ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிக்கவில்லை. சேலையை அப்படியே வாசல்படியில் போட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். நடக்கவில்லை, ஓடினாள். அவள் ஓடியதை நான் பார்த்தேன். ஓடத் துடித்தவள் ஏன் நின்றாள்? நிற்கத் துணிந்தவள் ஏன் ஓடினாள்?

காப்பி இலையில் மஞ்சள் பொடி பூத்து, செடிகள் மொட்டையாகத் தொடங்கிய காலத்தில், தோட்டத்தை விட்டு முதலில் இறங்கிய குடும்பம் அவளுடையது. புருஷன் மாட்டேன் என்றார். "இத்தனை வருசம் இந்த மலைக்கு ஒழைச்சிருக்கோம். விட்டுட்டா போறது?"

"ஒழைச்சது போச்சு. நின்னாலும் வராது, போனாலும் வராது. இனிமே ஒழைக்கப் போறது இருக்கே, அதையாவது எங்க கொண்டுபோயிக் கொடுக்கிறதுன்னு பாருங்க" என்றாள் அவள். மற்றவர்கள் அவளைத் தூற்றினார்கள். சோறு போட்ட இடத்தை விட்டு ஓடுகிறாள் என்றார்கள். அவள் தலையில் மூட்டையோடு அவர்கள் நடுவிலேயே நடந்து போனாள். எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது.

அம்மா அன்று முழுவதும் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "உனக்குத்தான் அவளைப் பிடிக்காதேம்மா" என்றேன்.

"பிடிக்காதுதான். ஆனா அவகிட்ட பயமில்லாம எதையும் கேக்கலாம்டி. கொடுத்தா முடிஞ்சுது. உங்க அப்பா வழிச் சொந்தத்துல ஒருத்தி ஒருவேளை கஞ்சி வச்சுக் கொடுத்தா, நான் சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டுவா."

இந்த இரண்டு அம்மாக்களும் என் தலைக்குள் சண்டை போடுகிறார்கள். மனசுக்கு விலை போடாதே என்று பீலியடியில் சொன்ன அம்மா ஒருத்தி. கொடுத்தா முடிஞ்சுது என்று அழுத அம்மா ஒருத்தி.

போன வாரம் அடுப்படியில் வைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மாமியார் அரிவாள்மணையைப் பட்டென்று சாய்த்தார்.

"எம் மகளுக்குச் சம்பளமா? அவ என்ன இந்த வீட்டு ஆயாவா? சொந்த அத்தைக்குக் கூலி கொடுத்துப் பிள்ளை வளர்க்கச் சொல்லித்தான் உன் வேதக்காரப் பள்ளிக்கூடத்துல படிச்சுக் கொடுத்தாங்களா? நாளைக்கு உன் மாமனாருக்குத் தெவசம் வருது. நான் சமைக்கிறதுக்கு என்ன தருவே?"

"நீங்க கேட்டா கொடுக்கணும்தான் மாமி" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"கேட்டியாடா உம் பொண்டாட்டி பேச்சை?"

என் கணவர் கூடத்திலிருந்து, "ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடத் தொடங்கினார்.

இவ்வளவுக்கும் நாத்தனார் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். அவளைப் பற்றித்தான் பேச்சு. அவளை இன்னும் யாரும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"நீ சொல்லும்மா. உனக்கு என்ன தோணுது?"

அவள் துருவலை நிறுத்தினாள். நிமிராமலே கேட்டாள்.

"காசு வாங்கினா... ஒரு நாளைக்கு என்னால முடியாதுன்னு சொல்லலாமா அண்ணி?"

"என்னடி பேச்சு இது?" என்றார் மாமியார்.

"இல்லம்மா. அத்தைன்னு இருந்தா முடியாதுன்னு சொல்ல முடியாதே. இந்த வீட்டுல சோறு திங்கிறேன், எப்படிச் சொல்லுவேன்? கூலிக்காரின்னா சொல்லலாம்ல? புடிக்காட்டி விட்டுட்டுக்கூடப் போகலாம்ல?" பிறகு என்னைப் பார்த்தாள். "சொல்லலாமா?"

அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"சொல்லலாம்" என்றேன்.

"அப்ப எனக்குக் காசு வேணும்."

மாமியார் அன்றிலிருந்து எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. நாத்தனார் முன்பு போலவேதான் இருக்கிறாள். நேற்றும் பிள்ளைக்குப் பாடினாள். ஆனால் நேற்று அவள் பாடும்போது, இவளுக்குப் பாட வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பாட்டைக் கேட்க எனக்குப் பயமாகவும் இருந்தது, முன்னைவிட இனிமையாகவும் இருந்தது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் தாய்மாரே, சகோதரிகளே, நான் பள்ளிக்கூடத்துக்குப் போகலாமா என்று உங்களைக் கேட்கவில்லை. அடுத்த மாதம் போகிறேன். சொந்தக்காரிக்குச் சம்பளம் கொடுக்கலாமா என்றும் கேட்கவில்லை. கொடுக்கப் போகிறேன், அவள் கையில், எல்லோர் முன்பும். வேண்டாம் என்று புத்தி சொல்ல நினைப்பவர்கள் தபால் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். எனக்குத் தெரியாதது வேறொன்று. என்றாவது ஒரு காலை, நான் சேலை உடுத்திப் புறப்பட்டு நிற்கும்போது, "இன்னிக்கு என்னால முடியாது அண்ணி" என்று அவள் சொல்லுவாள். சொல்லலாம் என்று வாக்குக் கொடுத்தவள் நான். பிள்ளை இடுப்பில் இருக்கும், பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருக்கும், அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? உங்கள் வீட்டில் ஒருத்தி "முடியாது" என்று சொல்லி, நீங்கள் மனக்கசப்பில்லாமல் "சரி" என்று சொன்னது உண்டானால், அதை எப்படிச் செய்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.